கண்ணால் காண முடியாததை விஞ்ஞானி நம்புவது எப்படி?

போடி மலையும் நியூட்ரினோவும் சொல்லித் தரும் பாடம்

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு அருகே பொட்டிப்புரம் என்ற கிராமம் இருக்கிறது. அதன் பக்கத்தில் நிற்கிறது அம்பரப்பர் மலை.

இந்த மலையை 2 கிலோமீட்டர் தூரம் குடைந்து, உள்ளே ஒரு ஆராய்ச்சிக் கூடம் அமைக்க விஞ்ஞானிகள் திட்டம் போட்டார்கள். 50 ஆயிரம் டன் இரும்பை அடுக்கி, அதில் காந்த சக்தி ஏற்றி, ஒரு பெரிய கருவி செய்ய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை இதற்கு அனுமதி கொடுத்தது. செலவு சுமார் 1,500 கோடி ரூபாய்.

இவ்வளவும் எதற்காக? "நியூட்ரினோ" என்ற துகளை ஆராய்வதற்காக!

அது கண்ணுக்குத் தெரியாது. கையில் சிக்காது. சூரியனிலிருந்து கிளம்பி, நம் உடம்பையும், வீட்டுச் சுவரையும், பூமியையும் துளைத்துக்கொண்டு போய்விடும். கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தின் வழியாக, ஒரு விநாடியில் சுமார் 6 ஆயிரம் கோடி நியூட்ரினோக்கள் பாய்கின்றன. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

"யாரும் பார்க்காத ஒன்று இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதை எப்படி நம்புவது?"

நல்ல கேள்வி. இதைக் கேட்கிறவர் படிக்காதவர் என்று யாரும் சிரிக்க வேண்டியதில்லை. இதே கேள்வியை ஆராய்வதற்கென்றே ஒரு தனிப் படிப்பு இருக்கிறது. "விஞ்ஞான தத்துவம்" என்று அதற்குப் பெயர்.

விஞ்ஞானம், "உலகில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறது. விஞ்ஞான தத்துவம், "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறது.

புகையா? பனியா?

மலையில் புகை எழுகிறது. "அங்கே நெருப்பு பிடித்திருக்கிறது" என்று அடிவாரத்தில் நிற்பவர் சொல்கிறார். அவர் நெருப்பைப் பார்க்கவில்லை, புகையைத்தான் பார்த்தார். அடுப்படியில் நெருப்பு இருக்கும்போது புகை வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறார். அதைக் கொண்டு இதை ஊகிக்கிறார்.

நம் நாட்டு நியாய சாஸ்திரம் இந்த உதாரணத்தைத்தான் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. "மணிமேகலை" காப்பியத்திலும் மலையும் புகையும் அடுக்களையும் வருகின்றன. கண்ணால் காண்பது ஒன்று. கண்டதைக் கொண்டு காணாததை அறிவது இன்னொன்று. முதலாவதைக் "காட்சி" என்றும், இரண்டாவதை "அனுமானம்" என்றும் சொல்வார்கள்.

அனுமானம் தவறிப் போவதும் உண்டு. போடி மலைச் சரிவில் காலையில் வெள்ளையாக எழுவது புகையாகவும் இருக்கலாம், பனிமூட்டமாகவும் இருக்கலாம். பனியைப் புகை என்று எண்ணி ஓடினால், வீண் அலைச்சல். புகையைப் பனி என்று எண்ணிச் சும்மா இருந்துவிட்டால்...?

2018 மார்ச் மாதம் போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சரியாக அறிவதா, தவறாக அறிவதா என்பது மலையில் உயிர் போகும் விஷயம் ஆகிவிடும்.

ஆகவே, அனுமானம் செய்தால் மட்டும் போதாது. அதைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். புகை என்றால் வாசனை வரும். பனி என்றால் வெயில் ஏறியதும் கலைந்துவிடும். இதுதான் சோதனை!

ஏலக்காய் மூட்டை

போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. வியாபாரிகள் மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பிடி மாதிரி வருகிறது. நிறத்தைப் பார்க்கிறார்கள். பருமனைப் பார்க்கிறார்கள். விலை கேட்கிறார்கள்.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று வீட்டில் சொல்வதும் இதுதான்.

கொஞ்சத்தைப் பார்த்து, முழுவதையும் பற்றி முடிவு செய்கிறோம். விஞ்ஞானியும் இப்படித்தான் செய்கிறார். ஆயிரம் தடவை கல்லை விட்டெறிந்து பார்த்து, "எல்லாக் கல்லும் கீழே விழும்" என்கிறார்.

ஆனால், பார்க்காத கல்லும் பார்த்த கல்லைப் போலவே இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இந்தக் கேள்வியை ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் டேவிட் ஹியூம், 1739-ம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் எழுப்பினார். "இதுவரை அப்படி நடந்தது, அதனால் இனியும் அப்படி நடக்கும் என்கிறோம். இது நம் பழக்கம், இதற்கு அசைக்க முடியாத நிரூபணம் கிடையாது" என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் இன்றும் கிடைக்கவில்லை.

ஒரு சொத்தைக் காய்

வியன்னா நகரில் பிறந்த கார்ல் பாப்பர் என்ற அறிஞர், 1934-ல் வந்த தமது நூலில் வேறு ஒரு வழி காட்டினார்.

"இந்த மூட்டையில் எல்லாக் காயும் நல்ல காய்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் நல்ல காய்களை எடுத்துக் காட்டினாலும் அது முழுக்க நிரூபணம் ஆகாது. அடியில் ஒரு சொத்தை கிடக்கலாம். ஆனால், ஒரே ஒரு சொத்தைக் காய் வெளியே வந்துவிட்டால், அவர் சொன்னது பொய் என்பது அக்கணமே முடிவாகிவிடும்.

ஆகவே, "நான் சொல்வது சரி" என்று காட்ட ஓடுவதை விட, "எங்கே தவறு?" என்று தேடுவதே விஞ்ஞானியின் வேலை என்றார் பாப்பர்.

குறி சொல்பவரை நினைத்துப் பாருங்கள். "உனக்கு நல்ல காலம் வருகிறது, நடுவில் சில தடைகளும் உண்டு" என்பார். நல்லது நடந்தால், குறி பலித்தது. கெட்டது நடந்தால், அதுதான் தடை! எது நடந்தாலும் குறி பொய்யாவதே இல்லை. அதனால்தான் அது விஞ்ஞானம் ஆவதில்லை.

"நாளை மாலை 4 மணிக்குச் சந்திரகிரகணம்" என்று ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னால், அவர் மாட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். அந்தத் துணிச்சலில்தான் விஞ்ஞானத்தின் பலம் இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்து நியூட்ரினோவைப் பார்ப்போம்.

கணக்கில் துண்டு விழுந்தது

சில அணுக்கள் தாமாகவே மாறும்போது, ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளுகின்றன. மாறுவதற்கு முன்பு இருந்த சக்தியும், மாறிய பிறகு உள்ள சக்தியும் சமமாக இருக்க வேண்டும். சக்தி அழியாது என்பது விதி.

ஆனால், அளந்து பார்த்தபோது கணக்கு உதைத்தது! கொஞ்சம் சக்தியைக் காணவில்லை. கடையில் இரவு கல்லாவை எண்ணும்போது துண்டு விழுவது போல.

"அணுவுக்குள் அந்த விதி செல்லாதோ?" என்று நீல்ஸ் போர் என்ற மேதையே சந்தேகப்பட்டார்.

1930 டிசம்பரில் வொல்ஃப்காங் பௌலி என்ற விஞ்ஞானி ஒரு கடிதம் எழுதினார். "விதி சரிதான். யார் கண்ணிலும் படாத ஒரு துகள் அந்தச் சக்தியை எடுத்துக்கொண்டு போகிறது" என்பது அவர் யோசனை. பிறகு என்ரிக்கோ பெர்மி இதைப் பெரிய கொள்கையாக வளர்த்தார். "நியூட்ரினோ" என்ற பெயரைப் பரப்பியவரும் அவரே.

இது சாக்குப் போக்கு இல்லையா? "பணத்தைக் கண்ணுக்குத் தெரியாத திருடன் எடுத்துப் போனான்" என்று கணக்கப்பிள்ளை சொன்னால் முதலாளி நம்புவாரா?

நம்ப மாட்டார். ஆனால், கணக்கப்பிள்ளை இன்னும் கொஞ்சம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "திருடன் இந்த வழியாகத்தான் போயிருப்பான், அவன் கால் தடம் இவ்வளவு பெரிதாக இருக்கும், இந்த இடத்தில் தேடுங்கள்." அப்போது முதலாளி தேடிப் பார்க்கலாம். தடம் இருந்தால் உண்மை. இல்லாவிட்டால் கணக்கப்பிள்ளை மாட்டிக்கொள்வார்.

நியூட்ரினோ கொள்கை அப்படித் தடம் சொன்னது. அமெரிக்காவில் கோவான், ரைன்ஸ் என்ற இருவர் ஓர் அணு உலையின் பக்கத்தில் கருவி வைத்துத் தேடினார்கள். 1956-ல் தடம் கிடைத்தது! பௌலி கடிதம் எழுதி 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தங்கச் சுரங்கத்தில் நிசப்தம்

நியூட்ரினோவைப் பிடிக்க மலைக்கு அடியிலோ சுரங்கத்திலோ போவது ஏன்?

வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பொழிகின்றன. சந்தைக் கூச்சலில் ரகசியம் கேட்காது அல்லவா? அதுபோல, அந்தக் கதிர்களின் அமர்க்களத்தில் நியூட்ரினோவின் மெல்லிய தடம் தெரியாது. பாறை அந்தக் கதிர்களைத் தடுக்கும். நியூட்ரினோ மட்டும் பாறையைத் துளைத்து உள்ளே வரும்.

இந்த வேலையில் இந்தியா முன்னணியில் நின்ற காலம் உண்டு. தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளமாக உழைத்த கோலார் தங்கவயலில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் கருவிகளை ஆழத்துக்கு மேல் ஆழமாக இறக்கினார்கள். மிக ஆழமான இடத்தில், 2 மாதம் காத்திருந்தும் ஒரு கதிர் கூடப் பதிவாகவில்லை.

"ஒன்றுமே கிடைக்கவில்லை" என்று அவர்கள் மூட்டை கட்டவில்லை. "இவ்வளவு நிசப்தமான இடம்தான் நியூட்ரினோவைத் தேடச் சரியான இடம்" என்று கண்டுகொண்டார்கள்!

ஜப்பானின் ஒசாக்கா, இங்கிலாந்தின் டர்ஹாம் சர்வகலாசாலைகளும் சேர்ந்துகொண்டன. 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1965-ல், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். அதே ஆண்டு தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் வேறொரு குழுவும் கண்டது. ஒருவர் கண்டதை, தொடர்பில்லாத இன்னொருவரும் கண்டால்தான் விஞ்ஞானத்தில் மதிப்பு.

தங்கவயலில் ஏமாற்றமும் உண்டு. 1980-களில், புரோட்டான் என்ற துகள் சிதைவதற்கான அடையாளம் சில கிடைத்திருக்கலாம் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இன்னும் பெரிய கருவிகளை வைத்துத் தேடினார்கள். அது உறுதிப்படவில்லை. அதனால், பாடப் புத்தகத்தில் அது ஏறவில்லை.

மூன்றில் ஒரு பங்கு

பாப்பர் சொன்னது அவ்வளவு சுலபமா? கணக்கும் சோதனையும் ஒத்துவரவில்லை என்றால், கொள்கையை உடனே தூக்கி எறிந்துவிடலாமா?

ரேமண்ட் டேவிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் கதை இதற்குப் பதில் சொல்கிறது.

அவர் ஒரு தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், துணி வெளுக்கப் பயன்படும் திரவத்தைச் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் நிரப்பினார். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ எப்போதாவது அதில் ஓர் அணுவை மாற்றும். மாறிய அந்தச் சில அணுக்களை அவர் எண்ண வேண்டும்! வைக்கோல் போரில் ஊசி தேடுவது இதற்கு எவ்வளவோ சுலபம்.

1968-ல் முதல் முடிவு வந்தது. சூரியனைப் பற்றிய கணக்குப்படி வர வேண்டியதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது.

யார் குற்றவாளி? டேவிஸ் தவறாக எண்ணியிருக்கலாம். சூரியனைப் பற்றிய கணக்கு தவறாக இருக்கலாம். நியூட்ரினோவைப் பற்றி நாம் நினைப்பதே தவறாக இருக்கலாம். "மூன்றில் ஏதோ ஒன்று தவறு" என்று சோதனை சொல்லிற்று. எது என்று சொல்லவில்லை!

1962-ல் தாமஸ் கூன் என்ற அமெரிக்க அறிஞர் எழுதிய நூல் இதைத்தான் சுட்டிக் காட்டியது. ஒரு சோதனை ஒத்துவராததால் விஞ்ஞானிகள் பழைய கொள்கையை விட்டுவிடுவதில்லை. பழகிய வழியிலேயே சரிசெய்யப் பார்ப்பார்கள். இடறல்கள் பெருகிப் பெருகித் தாங்க முடியாமல் போகும்போதுதான் பெரிய மாறுதல் வரும் என்றார் அவர்.

டேவிஸ் சுமார் 30 ஆண்டு எண்ணினார். 1998-ல் ஜப்பானிலும், 2001, 2002 ஆண்டுகளில் கனடாவிலும் நடந்த ஆராய்ச்சிகள் மர்மத்தை உடைத்தன. நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. அது வழியிலேயே வகை மாறுகிறது! டேவிஸின் தொட்டியோ ஒரு வகையை மட்டுமே பிடிக்கும்.

டேவிஸ் எண்ணியதும் சரி. சூரியக் கணக்கும் சரி. நியூட்ரினோவுக்கு எடையே இல்லை என்ற பழைய எண்ணம்தான் தவறு. வகை மாற வேண்டுமானால் எடை இருக்க வேண்டும். டேவிஸுக்கு 2002-லும், ஜப்பானின் கஜிதா, கனடாவின் மெக்டொனால்டு இருவருக்கும் 2015-லும் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளியை முந்தியதா?

2011 செப்டம்பரில் உலகமே திடுக்கிட்டது. ஐரோப்பாவில் 730 கிலோமீட்டர் பயணம் செய்த நியூட்ரினோக்கள் ஒளியை விட வேகமாக வந்துவிட்டன என்று ஒரு குழு அறிவித்தது. ஐன்ஸ்டீன் தோற்றாரா?

அந்தக் குழு ஒன்றையும் மறைக்கவில்லை. "எங்கே தவறு என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீங்களும் பாருங்கள்" என்று கணக்கை எல்லோர் முன்பும் வைத்தது. 2012-ல் விஷயம் வெளிப்பட்டது. கருவியில் ஒரு கேபிள் சரியாக முடுக்கப்படவில்லை! மற்றக் குழுக்களும் அளந்தன. நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை.

விஞ்ஞானிகளும் தவறு செய்கிறார்கள். ஆனால், தவறைத் தேடிப் பிடிக்க அங்கே ஆள் இருக்கிறது, வழி இருக்கிறது.

மலையைக் குடையலாமா?

மீண்டும் போடி மலைக்கு வருவோம்.

மூன்று வகை நியூட்ரினோக்களில் எது கனமானது, எது இலேசானது? இதை அறிவதே இங்கே திட்டமிட்ட ஆராய்ச்சியின் முக்கிய நோக்கம். முதலில் நீலகிரியில் சிங்காராவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முதுமலைப் புலிகள் சரணாலயம் அருகில் இருப்பதால், 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. அதன் பிறகே பொட்டிப்புரம் வந்தது.

இங்கேயும் எதிர்ப்பு எழுந்தது. பாறையை வெடி வைத்துத் தகர்த்தால் நிலத்தடி நீர் என்ன ஆகும், அணைகள் என்ன ஆகும், காடு என்ன ஆகும் என்று மக்கள் கேட்டார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதே காரணம். 2018-ல் மத்திய அரசு மீண்டும் அனுமதி கொடுத்தது. வன உயிரின வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, "இது புலிகள் நடமாடும் பாதை; அனுமதிக்க முடியாது" என்று சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது.

இந்த வழக்கில் இரண்டு வகைக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் விஞ்ஞான தத்துவத்தின் வேலை.

"நியூட்ரினோவால் உடம்புக்குத் தீங்கு உண்டா?" இது சோதித்து அறியக் கூடிய கேள்வி. இயற்கையில் வரும் நியூட்ரினோ, மனிதன் தோன்றிய நாள் முதல் அவன் உடம்பைத் துளைத்துக்கொண்டே இருக்கிறது. இந்தக் கருவி அதை உண்டாக்குவதில்லை. வருவதைப் பதிவு மட்டுமே செய்யும். "வெடி வைத்தால் நிலம் எவ்வளவு அதிரும்?", "புலி இந்த வழியாகப் போகிறதா?" இவையும் அளந்து சொல்லக் கூடிய கேள்விகள்தான். கேட்கிறவர் யாராக இருந்தாலும், அளந்து பதில் சொல்ல வேண்டும்.

"புதிய அறிவு பெரிதா? காடு பெரிதா? நட்டம் வந்தால் யார் சுமப்பது? மலையடிவார மக்களிடம் சம்மதம் கேட்டாகிவிட்டதா?" இவை வேறு ஜாதிக் கேள்விகள். எந்தக் கருவியும் இதற்கு விடை காட்டாது. அளந்த உண்மைகளை முன்னால் வைத்துக்கொண்டு, மனிதர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் வகைக் கேள்விக்குக் கூட்டத்தில் கை தூக்கி விடை காண முடியாது. இரண்டாவது வகைக் கேள்விக்கு, "நான் விஞ்ஞானி, நான் சொன்னால் சரி" என்று விடை சொல்ல முடியாது.

மதுரையில் 85 டன் எடையில் ஒரு சிறிய மாதிரிக் கருவியை அமைத்து, 2018 முதல் காஸ்மிக் கதிர்களைப் பதிவு செய்தார்கள். சீனாவில், நியூட்ரினோக்களின் எடை வரிசையை அறிவதற்காகவே கட்டிய பெரிய நிலத்தடிக் கூடம் 2025-ல் வேலையைத் தொடங்கிவிட்டது.

மாணவருக்கு மூன்று கேள்விகள்

விஞ்ஞான தத்துவம் படிக்கத் தொடங்குகிறவர் பெரிய புத்தகங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். யார் எதைச் சொன்னாலும், இந்த மூன்றையும் கேட்டால் போதும்:

1. இது உங்களுக்கு எப்படித் தெரியும்? கண்டீர்களா? ஊகித்தீர்களா? பிறர் சொல்லக் கேட்டீர்களா?

2. என்ன நடந்தால், நீங்கள் சொல்வது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?

3. உங்களோடு தொடர்பில்லாத வேறு யாராவது இதைச் சோதித்துப் பார்த்தார்களா?

சகல நோயும் தீரும் என்று மருந்து விற்கிறவரிடம் இதைக் கேட்கலாம். ஒன்றுக்கு இரண்டாகப் பணம் தருவதாகச் சொல்கிறவரிடம் கேட்கலாம். மலையைக் குடைந்தால் ஒன்றும் ஆகாது என்பவரிடமும், குடைந்தால் ஊரே அழியும் என்பவரிடமும் கேட்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் வராமல் ஒருவர் கோபப்பட்டால், அவர் சொன்னதை நம்புவதற்கு முன் இன்னும் ஒருமுறை யோசிப்பது நல்லது.